மாலை போட்டவங்க ஊத வேணாம்

— எழுதிக்கோ கிரேஸும்மா. லோகேஸ்வரன், மாகறல் ரூட்டு டிரைவர், குடிச்சுட்டு வேலைக்கு வந்திருக்கான். பேரை முழுசா எழுது. நம்ம மூஞ்சிக்கு அந்தப் பேரு ஒண்ணுதான் கொஞ்சம் மரியாதையா இருக்குது.

— விளையாடாதீங்க சாமி. ஷிஃப்டுக்கு நேரமாவுது. கேட்டாண்ட பொண்ணுங்க எல்லாம் தூறல்ல நிக்குது. எங்க நதியாவும் நிக்குது. சாவியை எடுத்துக்கினு கெளம்புங்க.

— நான் என்ன சொல்றேன், நீ என்ன சொல்ற? குடிச்சிருக்கேன்றேன்.

— கழுத்துல மாலை, இடுப்புல கருப்பு வேட்டி, கால்ல செருப்பு இல்ல, நெத்தி நெறைய சந்தனம். இவரு குடிச்சிருக்காராம்.

— ஏன், சந்தனம் வெச்சா தொண்டை அடைச்சுக்குமா?

— மாலை போட்டவங்க ஊத வேணாம்னு பாய் சொல்லிட்டாரு. கார்த்திகை பொறந்ததுல இருந்து எந்தச் சாமியையும் நான் ஊதச் சொல்லல. நேத்தும் நீங்க நேரா சாவி வாங்கிக்கினு போனீங்க. இன்னைக்கு மட்டும் என்ன?

— இன்னைக்குத்தான் குடிச்சேன். குடிச்சவனுக்கு ஒரு மாசம் வண்டி கெடையாதுன்னு ரூல்ஸ் இருக்குதில்ல? அந்த ஒரு மாசத்தை எனக்குக் குடு.

— சரி, அப்ப ஊதுங்க. இந்தாங்க குழாய், புதுசு. ஊதாம நான் எப்பிடி எழுதறது?

— ஊத மாட்டேன்.

— குடிச்சேன்றீங்க, ஊத மாட்டேன்றீங்க. ஃபேக்டரிக்காரங்க குடிச்சதைக் காட்டற இந்த மெஷினைக் குடுத்து என்னை இங்க உக்கார வெச்சதுல இருந்து எவ்ளோ பேரைப் பாத்துட்டேன்! அத்தினி பேரும் குடிக்கலைன்னு புள்ளை மேல சத்தியம் பண்ணிட்டுத்தான் ஊதுவாங்க. ஒருத்தரு இருமல் மருந்தும்பாரு. ஒருத்தரு பழைய சோறும்பாரு. குடிச்சேன்னு சத்தியம் பண்ணிக்கினு வந்த மொத ஆளு நீங்கதான்.

— எதுலயாவது நான் மொதல்ல வரணும்னு எங்கம்மா ரொம்ப ஆசைப்பட்டுச்சு. பாக்கறதுக்குத்தான் இல்ல.

— கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. வாசனையே இல்லையே சாமி? கற்பூரமும் விபூதியும்தான் வருது. ஆனா பேச்சு குழறுது. கை என்ன இப்பிடி ஆடுது? மழைக்காத்து அடிக்குது, உங்களுக்கு வேர்த்துக் கொட்டுது.

— அதான் சொல்றேன். நாக்கு குழறுது, கை நடுங்குது, வேர்க்குது. குடிகாரனுக்கு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? பட்டுச்சேலை ஜரிகையில வெள்ளி எவ்ளோன்னு மெஷின்ல வெச்சுப் பாக்கற ஊரு, ஒத்துக்கறேன். அது ஒசந்த பொருளு. எனக்கெல்லாம் எதுக்குமா மெஷினு? மூஞ்சியைப் பாத்தே எழுதலாம்.

— பாய்! கலீமுல்லா பாய்! இங்க கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்!

— அவரை எதுக்குக் கூப்புடற?

— வண்டி அவருது. அதுல ஏறப் போறது எம்பொண்ணு.

— அரே, என்னம்மா கிரேஸு? சாமி இன்னும் கெளம்பலியா? வண்டி லேட்டானா ஃபேக்டரியில இருந்து எனக்குத்தானே போன் வரும்?

— சாமி குடிச்சிருக்காராம் பாய்.

— தோபா, தோபா! எவன் சொன்னான்?

— சாமியேதான் சொல்றாரு.

— லோகு, என்னப்பா இது? எத்தினி வருஷமா உன்னைப் பாத்துக்கினு இருக்கேன்? மத்த நாள்ல நீ ராத்திரியானா என்ன பண்ணுவன்னு இந்த ஓரிக்கைக்கே தெரியும். இந்த மெஷின் வந்ததுல இருந்து சாயங்காலமே குடிச்சு முடிச்சுட்டு நீ படுத்துடறன்னும் தெரியும். ஆனா மாலை ஏறிட்டா நீ வேற ஆளாச்சே! போன வருஷம் எங்க வீட்டு பிரியாணி வாசனை வருதுன்னு வண்டியைக் கொண்டு போய் ரெண்டு தெரு தள்ளி நிறுத்துனவன்.

— அது பயத்துல நிறுத்துனது பாய். எறங்கி வந்துடுவேனோன்னு என் மேலயே சந்தேகம்.

— ஊதுனானா?

— மாட்டேன்றாரு. நானும் ரொம்பக் கேக்கல. எனக்குப் பயம் பாய். கிறிஸ்டியன் பொம்பள ஒருத்தி மாலை போட்டவரு வாயில குழாயை வெச்சான்னு நாளைக்கு கேட்டாண்ட நாலு பேர் வந்து நின்னா?

— உனக்கே அப்பிடின்னா எனக்கு? நான் தாடி வெச்சுக்கினு இருக்கறவன். அதுக்குத்தானே மொதல்லயே வேணாம்னுட்டேன். வீராசாமியைச் சொல்லச் சொல்லலாம்னா, அந்த ஆளு சாமியை ஊதச் சொன்னா எனக்குப் பாவம் வரும்னு ஒதுங்கிட்டாரு. பேருக்குத்தான் சூப்பர்வைசரு.

— பாத்தீங்களா? மூணு மதமும் ஒண்ணு சேந்து என் ஒருத்தன் வாய்க்குக் காவல் நிக்குது. இந்த ஒத்துமை வேற எங்கயாவது உண்டா?

— சிரிக்காத லோகு. எனக்கு வெளங்கிடுச்சு. இது சபரிமலை சீசனு. டூர் வண்டிக்காரனுங்க டிரைவர் கெடைக்காம நாயா அலையறானுங்க. நேத்து ராத்திரி போன் பண்ணி நாலு நாள் லீவு குடுங்க பாய்ன்ன. ஆள் இல்லப்பான்னேன். காலையில குடிச்சேன்ற. ஒரு மாசம் வீட்டுக்கு அனுப்புவேன், நீ எவனோ ஒருத்தன் வண்டியைப் புடிச்சுக்கினு பம்பைக்குப் போயிடுவ. யாரு கூப்ட்டது?

— பாய்! எனக்குத் தோணவே இல்லையே இது! உங்களுக்கு மூளை இருக்குதுன்னு ஊர்ல சொல்லுவாங்க, நான்தான் நம்பாம இருந்துட்டேன். அதேதான். டூர் வண்டிதான். ஒத்துக்கறேன்.

— இப்ப ரெண்டுல எது சாமி? குடிச்சதா, டூர் வண்டியா?

— ரெண்டும்தான் கிரேஸும்மா. எது பெரிய தப்போ அதை எழுதிக்கோ.

— இவன்கிட்ட பேசிக்கினு இருந்தா அங்க பொண்ணுங்க நனைஞ்சுடும். நான் போய் வண்டிக்கு ஒரு வழி பண்றேன். நீ இவனை விடாத கிரேஸு. ஊதட்டும். பழி வந்தா என் மேல வரட்டும். நான் சொன்னேன்னு சொல்லு.

— பாய் போயிட்டாரு. இப்ப சொல்லுங்க சாமி.

— என்னத்தைச் சொல்றது? ஊத மாட்டேன்னாலே குடிச்ச கணக்குன்னு உன் பின்னாடி செவுத்துல ஒட்டியிருக்குது. அதைப் பாத்து எழுது.

— எழுதறேன். தாராளமா எழுதறேன். ஆனா மாலை போட்டவரு குடிச்சாருன்னு என் கையால எழுத மாட்டேன். நான் சர்ச்சுக்குப் போறவதான். இருந்தாலும் எங்க தெருவுல பாதிப் பேரு வருஷா வருஷம் மாலை போடறாங்க. குடிச்சா அந்த நிமிஷமே மாலையைக் கழட்டிடணும்னு அங்க சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். கழட்டுங்க. கழட்டி இந்த மேஜை மேல வைங்க. ஊதவே வேணாம், எழுதிடறேன்.

— அதுக்கு ஒரு மொறை இருக்குதும்மா. குருசாமி வரணும்...

— குடிச்சதுக்குக் குருசாமியைக் கேட்டீங்களா?

— நீ ரொம்பப் பேசற.

— கழட்டுங்க சாமி. என்ன, கை மாலை வரைக்கும் போவுது, மேல ஏற மாட்டேங்குது? எங்ககிட்ட எத்தினி பொய் வேணா சொல்லுவீங்க. அதைக் கழட்டி வெச்சு அவருகிட்ட பொய் சொல்ல முடியல. அப்பிடித்தானே?

— குடு.

— என்னது?

— குழாயைக் குடுன்றேன்.

— ஊதுங்க. இன்னும். இன்னும். விடாதீங்க... போதும்.

— என்ன காட்டுது? மலை மேல ஏறுதா?

— ஜீரோ.

— நல்லாப் பாரு.

— ஜீரோ சாமி. சுத்தமா ஜீரோ. இந்த ஷெட்டுல இவ்ளோ சுத்தமா ஒருத்தரும் ஊதுனதில்ல. அப்புறம் ஏன் இப்பிடி?

— இதுக்குத்தான் ஊத மாட்டேன்னேன். ஜீரோ வந்தா என்ன பண்ணுவீங்க? சாவியை என் கையில குடுத்துடுவீங்க.

— குடுக்கக் கூடாதா? சாமி, நேத்து சாயங்காலம் நதியா வீட்டுக்கு வந்து ஒண்ணு சொல்லுச்சு. வரும்போது பாலாத்துப் பாலத்துல நீங்க ஸ்டியரிங் மேல சாஞ்சு தூங்கிட்டீங்களாம். பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சு எழுப்புனானாம். விரதம் இருக்கறாரு, களைப்பா இருக்கும்னு நானே சொன்னேன். தூக்கம்தானே சாமி?

— தூக்கம்னா சந்தோஷமா ஒத்துக்குவேனேம்மா.

— பின்ன?

— பாலத்து நடுவுல ஒரு டிராக்டரு பஞ்சராகி நின்னுச்சு. வரிசையா வண்டிங்க. நியூட்ரல்ல போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இழுத்தது ஞாபகம் இருக்குது. வெரலு தானா ஆடுச்சு. அப்புறம் முழங்கை, தோளு. அதுக்கு மேல நான் அங்க இல்ல. கண்ணைத் தொறந்தா ஹாரன் சத்தம், வாயெல்லாம் ரத்தம். நாக்கைக் கடிச்சிருக்கேன். இன்னும் பேச்சு சரியா வரல பாரு, அதான் குழறுது.

— இயேசப்பா!

— சீட்டு நனைஞ்சிருந்துச்சு. சின்னக் கொழந்தை மாதிரி. பொண்ணுங்க காதுல பாட்டு ஓடிக்கினு இருந்ததுனால ஒண்ணும் தெரியல. ஷெட்டுக்கு வந்து, தண்ணி பாட்டில் கொட்டிடுச்சுன்னு சொல்லிட்டு நானே சீட்டைக் கழுவினேன். வீராசாமி அண்ணன் பாத்துட்டு, ‘மாலை போட்டா வண்டியைக் கூட கோயில் மாதிரி வெச்சுக்கறியேப்பா’ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போறாரு.

— அந்த டிராக்டரு நிக்காம இருந்திருந்தா?

— கேக்காதம்மா. அதையே கேட்டுக்கினுதான் ராத்திரி பூரா உக்காந்திருந்தேன். கீழ ஆத்துல இப்ப தண்ணி வேற போவுது.

— இதைச் சொல்ல வேண்டியதுதானே? ஃபிட்ஸ் வந்துச்சுன்னு ஒரு வார்த்தை?

— சொன்னா? குடிகாரனுக்கு ஒரு மாசம் கழிச்சு சாவி குடுப்பாங்க. ஃபிட்ஸ்காரனுக்கு எவன் குடுப்பான்? லைசென்ஸே போயிடும், ஜென்மத்துக்கும். எங்கப்பன் அடுத்தவன் நெலத்துல குனிஞ்சு குனிஞ்சே செத்தான். தாத்தனும் அப்பிடித்தான். எங்க வம்சத்துலயே உக்காந்து வேலை பாக்கற மொத ஆளு நான். எழுந்திருன்னு சொன்னா எங்க போவேன் சொல்லு?

— அதுக்காக மாலையோட குடிச்சான்னு பேர் வாங்கிக்கலாம்னு...

— நம்ம மூஞ்சிக்கு அந்தப் பேரு நல்லாவே பொருந்தும். ஒருத்தனும் அதிசயப்பட மாட்டான்.

— என்ன கிரேஸு, ஊதுனானா? வண்டி கெளம்பிடுச்சு, அதை விடு. மெஷின் என்ன சொல்லுது?

— ஜீரோ பாய். ஆனா இவரு இனிமே வண்டி எடுக்கக் கூடாது.

— ஜீரோன்னா ஏன் எடுக்கக் கூடாது? என்ன ரெண்டு பேரும் அழுதுக்கினு இருக்கறீங்க?

— நேத்து பாலத்து மேல இவருக்கு ஃபிட்ஸ் வந்திருக்குது பாய். வண்டி நெறைய பொண்ணுங்க. ஏதோ நல்ல நேரம், வண்டி நின்னுக்கினு இருந்துச்சு, பொழச்சுதுங்க.

— யா அல்லா! லோகு? நெஜமா?

— நெஜம்தான் பாய். வண்டி போயிடுச்சா? நான் இல்லாம கெளம்பிடுச்சா?

— கெளம்பிடுச்சுப்பா, பொண்ணுங்களை ஏத்திக்கினு இப்பத்தான்.

— அப்பாடா. இப்ப கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

— உக்காரு, உக்காரு. தண்ணி குடி. இதுக்கு முன்னாடி வந்திருக்குதா உனக்கு?

— இப்பிடி வந்ததில்ல. நடுக்கம் வரும். மாலை போட்ட ரெண்டாம் நாளு, மூணாம் நாளு பாத்துக்கோங்க, நேத்து எனக்கு ரெண்டாம் நாளு. கை கால் ஆடும், வேர்க்கும், செவுத்துல என்னென்னவோ ஊர்ற மாதிரி தெரியும். ரெண்டு நாள் சுருண்டு படுத்தா சரியாயிடும். அதுக்குத்தான் வருஷா வருஷம் பூஜைன்னு சொல்லி உங்ககிட்ட லீவு வாங்குவேன்.

— கலைவாணிக்குத் தெரியாதா?

— எம்பொண்டாட்டியா? நான் நடுங்கறதைப் பாத்து அவ கற்பூரம் ஏத்தறா. எனக்கு ஐயப்பன் எறங்கிட்டாருன்னு பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூட்டிக்கினு வந்து கால்ல விழ வெக்கறா. போன வருஷம் ஒரு அம்மா எங்கிட்ட வந்து, பொண்ணுக்கு எப்ப கல்யாணம் ஆவும்னு கேட்டுச்சு. நான் பல்லு கிட்டிப் போய் படுத்திருக்கேன். தைக்குள்ள ஆயிடும்னு எவனோ எனக்காகப் பதில் சொல்றான்.

— ஆச்சா?

— ஆச்சாம் பாய். அதனாலதான் யாரும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போகல.

— இது சாமி எறங்கறது இல்ல பாய். எனக்கு ட்ரெயினிங் குடுத்தப்ப ஒரு டாக்டர் வந்து சொன்னாரு. தினமும் குடிக்கற ஒடம்புல திடீர்னு நிறுத்துனா அந்த ஒடம்பு துள்ளுமாம். கை நடுங்கும், ஃபிட்ஸ் கூட வருமாம். டாக்டர்கிட்ட போயிட்டுத்தான் நிறுத்தணுமாம். அப்ப நான் சிரிச்சேன் பாய். குடிக்கறதை விட்டா யாருக்காவது கெடுதல் வருமா, இந்த ஆளு என்ன இப்பிடிப் பேசறாருன்னு பக்கத்துல இருந்தவகிட்ட சொல்லிச் சிரிச்சேன்.

— நேத்து நீ லீவு கேட்டியே லோகு. நான் கத்துனேனே.

— கத்தாத மொதலாளிகிட்ட எவன் வேலை செய்வான்? விடுங்க.

— விடறதுக்கில்ல. ஒரு வார்த்தை, ஒடம்பு சரியில்லைன்னு சொல்லியிருக்கலாமே நீ?

— சொன்னா என்ன ஒடம்புக்குன்னு கேப்பீங்க. மாலை போட்டதாலன்னு நான் சொல்லணும். அதைச் சொல்லி வாய் வெந்து போவட்டுமா? வருஷத்துல நான் மனுஷனா இருக்கறதே அந்த நாப்பத்தெட்டு நாளுதான் பாய். அதையும் வியாதின்னு சொல்லச் சொல்றீங்களா?

— சொல்ல வேணாம். எழுந்திரு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம். நான் கூட வரேன்.

— எனக்குத் தெரிஞ்சு அந்த டாக்டர் இன்னொண்ணும் சொன்னாரு சாமி. நிறுத்துனதால வர்ற ஃபிட்ஸ் வேற, வியாதியா வர்றது வேறயாம். மருந்து குடுத்து நாலஞ்சு நாள் படுக்க வெச்சா அடங்கிடுமாம். லைசென்ஸ் பத்தி டாக்டரையே கேட்டுடலாம். பயப்படாதீங்க.

— அவரு ஸ்டியரிங்கைத் தொடாதன்னு சொல்லிட்டா?

— சொல்லட்டும். நான் இருக்கேனில்ல? இந்த ஷெட்டுல டீசல் யாரு கணக்குப் பாக்கறது, டயரை யாரு பாக்கறது? எல்லாம் எவனெவனோ திருடித் தின்னுக்கினு இருக்கானுங்க. அதுவும் உக்காந்துக்கினே செய்யற வேலைதான். நாற்காலி போட்டுத் தரேன். சுழல்ற நாற்காலி வேணுமா, சொல்லு.

— சுழல்றது வேணாம் பாய். ஏற்கெனவே தலை சுத்துது.

— சிரிக்கறாரு பாருங்க. போங்க சாமி. மாலை அப்பிடியே இருக்கட்டும். ஆஸ்பத்திரியில யாரும் கழட்டச் சொல்ல மாட்டாங்க. சொன்னா எனக்குப் போன் போடுங்க, நான் வந்து சண்டை போடறேன்.

— நீயா? சர்ச்சுக்குப் போறவ, என் மாலைக்கா?

— ஆமா. ஆட்டோ கூப்புடவா பாய்?

— கூப்புடுமா. அப்பிடியே நதியாவுக்கும் ஒரு போன் போட்டுடு, நீ கவலைப்பட்டுக்கினு இருந்த. எல்லாம் நல்லபடியா ஏறிடுச்சுங்க. மொதல்ல பாலம் தாண்டி மாகறல் போய் மிச்சப் பொண்ணுங்களை ஏத்திக்கினு, அப்பிடியே திரும்பி ஃபேக்டரி ரூட்டைப் புடிச்சுடும்.

— வீராசாமி அண்ணனா ஓட்டிக்கினு போறாரு?

— அவரு எங்க? பெரிய வண்டின்னா அவருக்குக் கண்ணு தெரியாது. நம்ம சிட்டிபாபுதான். ராத்திரி கும்பகோணம் ட்ரிப் முடிச்சுட்டு வந்து பின்னாடி ரூம்ல படுத்திருந்தான். எழுப்புனேன். பாவம், வேர்த்து விறுவிறுத்து எழுந்தான். ஒண்ணும் பேசாம சாவியை வாங்கிக்கினு போயிட்டான்.

— அவரு ஊதலியே பாய்? நான் இங்கதானே இருந்தேன்?

— அவனை எதுக்குமா ஊதச் சொல்றது? அவனும் மாலை போட்டிருக்கானே.

— பாய், போனைப் போடுங்க. வண்டி பாலம் ஏறக் கூடாது. அவனும் என்கூடத்தான் மாலை போட்டான், அதே நாளு, அதே குருசாமி. இத்தினி வருஷமா நான் வாங்குன ஒவ்வொரு பாட்டில்லயும் எனக்குப் பாதிதான் பாய். மீதிப் பாதி யாருக்குன்னு நீங்க ஒரு நாளும் கேக்கல.